பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியா, பயோடெக்கா, மைக்ரோபயாலஜியா?

ஒரு அம்மாவின் கேள்வி இது. மகள் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப். நீட் இரண்டு முறை எழுதியும் சீட் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. இப்போது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி என்று மூன்றுக்கும் விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறார்கள். எதில் சேர்த்தால் வேலை கிடைக்கும், இல்லை இன்னொரு வருடம் நீட்டுக்கே விடலாமா என்று கேட்கிறார். பையன் பத்தாவது படிக்கிறானாம், அவனுக்கும் அறிவியல்தான் ஆசையாம்.

நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு 19 வருடமாக மருந்துக் கம்பெனிகளின் க்யூ.சி. லேபில், அதாவது தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில், வேலை பார்க்கிறேன். கடைசி ஏழெட்டு வருடமாகப் புதிதாக வரும் பிள்ளைகளை இன்டர்வியூ செய்வதும் என் வேலைதான். அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நீட். இன்னொரு வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. முதல் முறைக்கும் இரண்டாவது முறைக்கும் நடுவில் மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தால் யோசிக்கலாம். அப்படி ஏறவில்லை என்றால் மூன்றாவது வருடம் வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கும் பெண்ணுக்கு வருவது மதிப்பெண் இல்லை, சோர்வுதான். தேர்வுக்கு இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடு கிடையாது. ஆசை விடவில்லை என்றால் கல்லூரியில் படித்துக்கொண்டே இன்னொரு தடவை எழுதட்டும்.

சரி, மூன்றில் எது? கணக்கைப் பார்த்து ஓடாத பெண் என்றால் கெமிஸ்ட்ரி. கணக்கு அறவே வேண்டாம், உயிரியல்தான் உயிர் என்றால் மைக்ரோபயாலஜி. பயோடெக்னாலஜியை எம்.எஸ்சி.யில் எடுத்துக்கொள்ளலாம், பி.எஸ்சி.யிலேயே எடுக்க அவசரமில்லை. ஏன் இந்த வரிசை என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன், ஏனென்றால் உங்கள் மகளுக்கு என் வரிசை பொருந்தாமலும் போகலாம்.

எல்லோரும் கோர்ஸின் பெயரைப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேலை அறிவிப்பில் 'கல்வித் தகுதி' என்று போட்டிருக்கும் கட்டத்தை. மூன்று வருடம் கழித்து எந்த வேலைக்கு மனு போடுவோம் என்று நினைக்கிறீர்களோ, அந்த வேலைக்குப் போன தடவை வந்த அறிவிப்பை இன்றைக்கே இறக்கிப் படித்துவிடுங்கள். அதில் வரும் ஆச்சரியங்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இதற்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு விட்டிருக்கிறது. பயோடெக்னாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி என்றால் வெறும் இளநிலைப் பட்டம் போதும். வேதியியல் என்றால் முதுநிலைப் பட்டம் வேண்டும். கலப்பட எண்ணெயைச் சோதிப்பது வேதியியல்தானே என்று கேட்டால் பயனில்லை, விதி அப்படி. இந்த ஒரு வேலையை மனதில் வைத்தால் என் வரிசையே தலைகீழாகிவிடுகிறது, பாருங்கள்.

மருந்து ஆய்வாளர் என்ற டிரக் இன்ஸ்பெக்டர் வேலைக்கு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி செல்லாது, அது பார்மசி படித்தவர்களுக்கானது. ஆனால் மருந்துத் தொழிற்சாலைக்குள்ளே கதை வேறு. மாத்திரை, மருந்து உற்பத்தியை மேற்பார்வை செய்யும் ஆளுக்கு என்ன தகுதி வேண்டும் என்று மருந்துச் சட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. பார்மசி பட்டதாரி என்றால் 18 மாத அனுபவம், வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரி என்றால் 3 வருட அனுபவம். பார்மசிக்கு அடுத்தபடியாக வேதியியலைப் பெயர் சொல்லி உள்ளே விடுகிறது சட்டம்.

அடுத்தது ஆசிரியர் வேலை. நம் ஊரில் பெண் பிள்ளை அறிவியல் படித்தால் "அப்புறம் பி.எட். போட்டுவிடலாம்" என்று ஒரு கணக்கு எப்போதும் பின்னால் ஓடும். பள்ளியில் இருக்கும் பணியிடங்கள் வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்ற பெயர்களில் இருக்கின்றன. பயோடெக், மைக்ரோபயாலஜி படித்தவர்கள் தங்கள் பட்டம் இதில் எதற்காவது இணையானதா என்று அரசாணையைத் தேடிக்கொண்டு அலைகிறார்கள். என் சித்தி மகள் அப்படி ஒரு வருடம் அலைந்தாள். பி.எட். சேருவதற்கு முன்பே இந்த 'இணைத்தன்மை' விஷயத்தை எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இன்னொரு குழப்பம் மருத்துவமனை லேப். மைக்ரோபயாலஜி படித்தால் அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீசியன் ஆகிவிடலாம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அதற்கென்று டி.எம்.எல்.டி., பி.எஸ்சி. எம்.எல்.டி. என்று மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்துக்கான தனிப் படிப்புகள் இருக்கின்றன. தனியார் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி பிள்ளைகளை எடுக்கிறார்கள், உண்மை. ஆனால் ஆஸ்பத்திரிதான் இலக்கு என்றால் நேராகத் துணை மருத்துவப் படிப்பில் சேர்ப்பதே நல்லது. நீட் எழுதிய பெண்ணுக்கு மருத்துவமனைச் சூழல் பிடித்திருக்கிறது என்றால் இதுவும் ஒரு வழி, இதை யாரும் உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

துணைப்பாடம் என்ற 'அல்லைடு' பற்றியும் கேளுங்கள். கெமிஸ்ட்ரி மேஜருக்குச் சில கல்லூரிகளில் கணிதமும் இயற்பியலும் அல்லைடு, சிலவற்றில் தாவரவியல் அல்லது விலங்கியல். சேரும்போது யாரும் கவனிப்பதில்லை. அணுமின் நிலையங்களில் பி.எஸ்சி. பட்டதாரிகளைப் பயிற்சிக்கு எடுக்கும் அறிவிப்புகளில் வேதியியலோடு இயற்பியலும் படித்திருக்க வேண்டும், 60 சதவீதம் வேண்டும் என்று போடுவார்கள். விலங்கியல் அல்லைடு எடுத்தவர்கள் அங்கேயே கழன்றுவிடுவார்கள். கல்பாக்கமும் கூடங்குளமும் நம் மாநிலத்திலேயே இருக்கும்போது இந்தக் கதவை 18 வயதில் தெரியாமல் சாத்திக்கொள்வானேன்? உங்கள் மகள் பயோ-மேத்ஸ் என்பதால் கணித அல்லைடு அவளை மிரட்டாது.

இனி இன்டர்வியூ. நான் எல்லோரிடமும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிப்பேன். "0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் அரை லிட்டர் வேண்டும். எப்படித் தயார் செய்வாய்?" பெரும்பாலானவர்கள் கணக்கைச் சரியாகப் போடுவார்கள். 40ஐ 0.1ஆல் பெருக்கி அரையால் பெருக்கினால் 2 கிராம். எடை போட்டு, தண்ணீரில் கரைத்து, 500 மில்லி வரை நிரப்பணும் மேடம். "சரி, இப்போது அது 0.1தானா?" என்று கேட்பேன். அங்கேதான் முழிப்பார்கள். 2 கிராம் போட்டோமே, அப்புறம் என்ன?

போன வருடம் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு அரசுக் கல்லூரியிலிருந்து வந்த பெண், 62 சதவீதம். இந்தக் கேள்விக்குச் சிரித்துவிட்டாள். "அந்தப் பெல்லட்டை வாட்ச் கிளாஸில் வச்சாலே காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வேர்த்துடும் மேடம். பாலன்ஸ்ல நம்பர் ஏறிக்கிட்டே இருக்கும். ரெண்டு கிராம்னு நாம எழுதிக்கலாம், அது ரெண்டு கிராம் இல்லை. ஆக்சாலிக் ஆசிட் வச்சு டைட்ரேட் பண்ணித்தான் சொல்லணும்." நாங்கள் தொழிற்சாலையில் ஆக்சாலிக் அமிலத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் வைப்போம், அது மட்டும்தான் வித்தியாசம். அவள் அந்தக் குப்பியைக் கையால் திறந்திருக்கிறாள், எடை நிற்காமல் ஏறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அன்று வந்தவர்களில் 85 சதவீதம் வாங்கியிருந்த இரண்டு பேரை விட்டுவிட்டு அவளைத்தான் எடுத்தோம்.

நிறையக் கல்லூரிகளில் என்ன நடக்கிறதென்றால், கரைசலை லேப் அட்டெண்டர் கலக்கி வைத்துவிடுவார், பிள்ளைகள் ப்யூரெட்டில் ஊற்றி ரீடிங் மட்டும் எடுப்பார்கள். பயோடெக் பி.எஸ்சி.யைத் தள்ளிப்போடச் சொல்வதும் இதனால்தான். டி.என்.ஏ.வைப் பிரிப்பது, அதைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர்., செல் வளர்ப்பு எல்லாம் செலவு பிடித்த வேலைகள். ஒரு என்சைம் குப்பி வாங்கினால் ஆயிரக்கணக்கில் போய்விடும், அதையும் ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும், மின்சாரம் போனால் வீண். அதனால் பல இடங்களில் ஆசிரியர் ஒருவர் செய்து காட்டுவார், 40 பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். நல்ல கருவிகளும் ஆராய்ச்சி நிதியும் உள்ள கல்லூரி கிடைத்தால் தாராளமாகச் சேரட்டும். அப்படி இல்லாத இடத்தில் அடிப்படை வேதியியலோ விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டு, எம்.எஸ்சி.க்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய் பயோடெக் எடுப்பது மேல்.

மைக்ரோபயாலஜி இந்த விஷயத்தில் தப்பித்துக்கொள்கிறது. கிருமி நீக்க ஒரு ஆட்டோகிளேவ், கிருமி வளர்க்க ஒரு இன்குபேட்டர், அகார், பெட்ரி தட்டு இருந்தால் கையால் செய்ய நிறைய இருக்கிறது. எங்கள் கம்பெனியில் ஊசி மருந்து பிரிவு முழுக்க அவர்கள் கையில்தான். மருந்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெரிலிட்டி டெஸ்டுக்கு 14 நாள் வைத்திருந்து, எதுவும் வளரவில்லை என்று அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் மருந்து வெளியே போகும்.

வேலைக்கு வந்த பிறகு கல்லூரிப் பழக்கம் ஒன்று காலை வாரிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? ரீடிங்கை ரஃப் நோட்டில் எழுது, வீட்டுக்குப் போய் ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கு. நான் அதில் கெட்டிக்காரி. முதல் வேலையில் சேர்ந்த நாலாவது மாதம், எடை இயந்திரத்தின் பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துபோனது. எடையை ஒரு டிஷ்யூ பேப்பரில் குறித்துவைத்து, அப்புறம் படிவத்தில் ஏற்றிவிட்டு, டிஷ்யூவைக் குப்பைக்கூடையில் போட்டேன். அன்றைக்குத் தணிக்கை. வந்தவர் நேராகக் குப்பைக்கூடையிடம் போனார். டிஷ்யூவை எடுத்து மேஜையில் விரித்து வைத்து, யார் எழுதியது என்று கேட்டார். படிவத்தில் இருந்ததும் டிஷ்யூவில் இருந்ததும் ஒரே எண்தான், ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனாலும் முதலில் எழுதிய தாள்தான் மூலப் பதிவு, அதை எறிந்தது குற்றம். அந்த பேட்ச் முழுவதையும் மறுபடி சோதித்தோம், இரண்டு வாரம் விளக்கம் எழுதினேன். மருந்தில் எல்லாமே அப்படித்தான். எழுதாதது நடக்காதது. எழுதியதை அடித்தால் ஒற்றைக்கோடு போட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட வேண்டும்.

வேலை எங்கே இருக்கிறது என்றால், மருந்தைப் பொறுத்தவரை ஹைதராபாத்துக்கும் விசாகப்பட்டினத்துக்கும்தான் அதிகம் பேர் போகிறார்கள். பெங்களூரு உண்டு. நம் பக்கம் ஆலத்தூர், ஓசூர், கடலூர், புதுச்சேரி. புதிதாகச் சேரும் பி.எஸ்சி. பிள்ளைக்கு எனக்குத் தெரிந்த இடங்களில் மாதம் 15,000 முதல் 20,000 வரைதான் ஆரம்பம். ஐ.டி. கம்பெனிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வயிறு எரியும். இரண்டு மூன்று வருடத்தில் மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியை யார் துணையும் இல்லாமல் ஓட்டத் தெரிந்துவிட்டால் கம்பெனி மாறும்போது நன்றாக ஏறும். ஷிஃப்ட் இருக்கும், கரைப்பான் வாடை இருக்கும், நாள் முழுக்க நிற்க வேண்டியிருக்கும். பெண்ணை ஹாஸ்டலில் விட மனமில்லாத வீடுகள் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. மூன்று வருடம் படிக்கவைத்துவிட்டு ஹைதராபாத் ஆஃபர் வந்தபிறகு "அவ்வளவு தூரமா?" என்று கேட்ட அப்பாக்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மருந்து மட்டும்தானா என்றால் இல்லை. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளில் சுண்ணாம்புக் கல் வந்து இறங்குவதிலிருந்து மூட்டை போகும் வரை மணிக்கு மணி சாம்பிள் பார்ப்பது கெமிஸ்ட்தான். சர்க்கரை ஆலைகளிலும் அப்படியே. திருப்பூரில் 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடும் என்றாகிவிட்டது. அதனால் சாயத்தின் நிறம் பிடிக்க ஒரு கெமிஸ்ட், தண்ணீரைப் பார்க்க இன்னொரு கெமிஸ்ட். மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரை நெடுக இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் இருக்கின்றன. வனாமி இறாலை 2009இல் அனுமதித்த பிறகு அந்தத் தொழில் எங்கோ போய்விட்டது. விலங்கியல், மைக்ரோபயாலஜி படித்தவர்கள் அங்கே வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பி.சி.ஆரில் பார்க்கிறார்கள். இரவில் எழுந்து தீவனம் கொடுக்கும் வேலையும் அதில் சேர்த்தி. விலங்கியலை மதிக்காத ஊரில் இதையும் சொல்ல வேண்டும்தானே.

சென்னையில் உயிரியல் பட்டதாரிகளை அதிகம் இழுத்துக்கொள்வது மெடிக்கல் கோடிங். அமெரிக்க மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்களைப் போட்டுக் காப்பீட்டுக்கு அனுப்பும் வேலை. ஏசி அறை, நேரத்துக்குச் சம்பளம், உயிரியலில் உடற்கூறியல் பகுதி மட்டும் உதவும். இதைக் குறைவாகச் சொல்லவில்லை, பல வீடுகளில் அடுப்பு எரிவது இதில்தான். ஆனால் வேலைக்கு உறுதி என்று சொல்லி முன்பணம் வாங்கும் பயிற்சி மையங்களிடம் ஜாக்கிரதை. லேபில் நிற்கத்தான் ஆசை என்றால் இரண்டு வருடம் கோடிங் செய்துவிட்டுத் திரும்பி வருவது கஷ்டம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆராய்ச்சிப் பக்கம் போகும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் இரண்டாம் வருடத்திலேயே 'ஜாம்' தேர்வுக்குப் படிக்கத் தொடங்க வேண்டும். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர அதுதான் வழி, பிப்ரவரியில் நடக்கும். எத்தனையோ அரசுக் கல்லூரிகளில் மூன்றாம் வருடம் முடியும்போதுதான் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி பிஎச்.டி. ஆய்வுக்கான ஜே.ஆர்.எஃப். வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. படிக்கப் பணம் கட்டுவது போய், படிப்பதற்கு அவர்கள் பணம் தருவார்கள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இரண்டும் வீட்டுக்குப் பக்கம் என்றே சொல்லலாம். அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்திட்டத்துக்கும் மனு போடட்டும். இரண்டு மாதம் ஒரு உண்மையான லேபில் இருந்துவிட்டு வந்தால் ஆராய்ச்சி பிடிக்குமா பிடிக்காதா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

உயிரியலா வேதியியலா என்று இப்போது போடும் கோடு மேலே போகப் போக அழிந்துவிடும். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்தின் மூன்று இழை அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். ராமச்சந்திரன் இயற்பியல்காரர். சாம்பிள் கிடைத்தது பக்கத்திலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்தில், கங்காருவின் வால் தசைநார்! சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு உயிரியலுக்கு மாறினார், நோபல் கிடைத்ததோ 2009இல் வேதியியலுக்கு.

பையனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பிளஸ் டூ முடிக்கும் வருடம் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான ஐ.ஏ.டி. தேர்வை எழுதச் சொல்லுங்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்விகள். கிடைத்தால் ஐந்து வருடத்தில் பி.எஸ்.-எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வரலாம். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது, தூரமும் இல்லை.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அரசு கலை அறிவியல் கல்லூரியைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள். மகள் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். தனியார் கல்லூரிக்குக் கட்டும் பணத்தில் பாதியை எம்.எஸ்சி.க்கு எடுத்துவைத்தால் போதும்.

கவுன்சிலிங்குக்கு முன்னால் ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு நேரில் போங்கள். பிரின்சிபால் அறையில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களை விடுங்கள், லேபைக் காட்டச் சொல்லுங்கள். நாலு தசம எடை இயந்திரம் இருக்கிறதா, அதற்கு மின்சாரம் கொடுத்திருக்கிறார்களா, இல்லை பிளாஸ்டிக் உறையோடு மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ப்யூரெட்டுகள் எத்தனை, ஒரு வகுப்பில் மாணவர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். லேப் அட்டெண்டர் யாராவது இருந்தால், கரைசல் எல்லாம் யார் கலக்குவது என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். "பசங்கதான்" என்று சொன்னால் அங்கே சேர்த்துவிடுங்கள்.